மச்சில் வந்த விடை தேர்வறையில் ஏன் வரவில்லை?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். கல்லிடைக்குறிச்சியில் வீட்டு மச்சில் உட்கார்ந்து குரூப் தேர்வுக்குப் படிக்கிறீர்கள். அங்கே எல்லாம் ஒப்பிக்க வருகிறது. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் மையம் போட்டிருந்தார்கள். போய் உட்கார்ந்தால், வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஆண்டுகூட நினைவுக்கு வரவில்லை. விடையாகக் கொடுத்திருந்த நாலு ஆண்டுகளும் தெரிந்தவை மாதிரியே இருந்தன. வெளியே வந்து வண்ணார்பேட்டையில் டீயைக் கையில் வாங்கியதும் 1906 என்று தானாக வந்து நின்றது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், காலையில் என்ன பலகாரம் சாப்பிட்டோம் என்பதையே மறந்துபோகிற உங்கள் ஆச்சி, சேரன்மகாதேவிப் பழைய வீட்டுத் தார்சாவில் கால் வைத்ததும் அந்த வளவில் குடியிருந்தவர்கள் பெயரை எல்லாம் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். "ஏட்டி, தொண்ணூத்திரெண்டு வெள்ளத்துல இந்தப் படி வரைக்கும் தண்ணி ஏறிச்சு" என்றும் சொன்னார். உங்கள் அப்பாவோ அது 2023 வெள்ளம் என்று அடித்துச் சொல்கிறார். தேர்வு மையத்துக்கே முன்னால் போய் உட்கார்ந்து படித்தால் சரியாகுமா, எனக்கு ஞாபகசக்தி குறைவா, ஆச்சிக்கு இருப்பது எனக்கும் வருமா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: மனதில் ஏறி உட்கார்ந்த ஒன்று, வேண்டும்போது வராமல் வேறெப்போதோ வருகிறதே, அதில் இடத்துக்கு எவ்வளவு பங்கு, மனநிலைக்கு எவ்வளவு பங்கு?

நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பல ஆண்டுகள் உளவியல் நடத்தியவன். இப்போது தேர்வு பயத்தோடு வருகிற பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுகிற வேலை. மருத்துவன் இல்லை. அதனால் ஆச்சி விஷயத்தில் ஓர் எல்லைக்கு மேல் பேச எனக்கு உரிமை கிடையாது. உங்கள் விஷயத்திலும் ஒரு கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேசுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சந்தேகமே இல்லாத இடத்திலிருந்து தொடங்குவோம். ஒன்று நினைவில் இருப்பது வேறு, அது கைக்கு எட்டுவது வேறு. 1966இல் எண்டெல் டல்விங், பியர்ல்ஸ்டோன் என்ற உளவியலாளர்கள் இதை எளிமையாகக் காட்டினார்கள். வகை வகையாகச் சேர்த்த சொற்பட்டியலைப் படிக்கச் சொன்னார்கள். பிறகு ஒரு கூட்டத்தாரிடம் வெள்ளைத்தாளைக் கொடுத்து நினைவுக்கு வந்ததை எழுதச் சொன்னார்கள். இன்னொரு கூட்டத்தாருக்கு வகைகளின் பெயர்களையும் கொடுத்தார்கள். பெயர்கள் கிடைத்தவர்கள் மிக அதிகமாக எழுதினார்கள். அதைவிட முக்கியம், வெள்ளைத்தாளில் திணறியவர்களிடம் பிறகு அதே பெயர்களைக் கொடுத்தபோது அவர்களுக்கும் விட்டுப்போனவை வரத் தொடங்கின. ஆக, சொற்கள் எங்கும் போய்விடவில்லை. 1973இல் டல்விங்கும் தாம்சனும் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார்கள்: நினைவைத் தூண்டுகிற ஒரு குறிப்பு உதவுமா இல்லையா என்பது, அந்த விஷயம் மனதில் ஏறிய நேரத்தில் அந்தக் குறிப்பும் கூடவே ஏறியதா என்பதைப் பொறுத்தது. தாமிரபரணி ஒன்றுதான், ஆனால் நீங்கள் எந்தப் படித்துறையில் இறங்கிப் பழகினீர்களோ அங்கேதான் கால் தைரியமாக இறங்கும். படித்த இடம், அப்போது இருந்த மனநிலை, பக்கத்து வரி, புத்தகத்தில் அது இருந்த மூலை எல்லாமே படித்துறைகள்தான். எல்லாம் ஒரே அளவு அகலமானவை அல்ல. குழப்பம் வருவது அங்கேதான்.

இடத்தைப் பற்றிப் பேசினால் எல்லோரும் எடுத்துவிடுகிற கதை ஒன்று உண்டு. 1975இல் டங்கன் காடன், ஆலன் பேட்லி இருவரும் முக்குளிப்பவர்களை வைத்து ஸ்காட்லாந்தில் ஒரு சோதனை செய்தார்கள். 36 சொற்கள். ஒரு முறை கரையில் கேட்டார்கள், ஒரு முறை தண்ணீருக்கு அடியில் கேட்டார்கள். பிறகு அதே இடத்திலோ இடம் மாற்றியோ எழுதச் சொன்னார்கள். கரையில் கேட்டுக் கரையிலேயே எழுதியபோது சராசரியாகப் பதின்மூன்றரைச் சொல். அதையே நீருக்கடியில் போய் எழுதியபோது எட்டரை. தண்ணீரில் கேட்டபோதும் அப்படியே, நீருக்கடியில் பதினொன்று போல வந்தது கரைக்கு வந்ததும் எட்டரைக்குக் குறைந்தது. கேட்கச் சுவையான கதை. யூடியூபில் தேர்வு ஆலோசனை சொல்கிற பாதிப் பேர் இதை வைத்துத்தான் "எழுதப் போகிற இடத்திலேயே படியுங்கள்" என்கிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது இரண்டு. ஒன்று, 2021இல் யாப் முர்ரே இதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த வேறுபாடு கிடைக்கவில்லை. 2001இல் ஸ்மித்தும் வேலாவும் இந்த வகை ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். இடத்தின் பாதிப்பு உண்மைதான், ஆனால் சிறியது என்று வந்தது. கரைக்கும் நீரின் அடிக்கும் உள்ள வித்தியாசமே இவ்வளவு தகராறு என்றால், உங்கள் வீட்டு மச்சுக்கும் பள்ளிக்கூட வகுப்பறைக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு செய்துவிடும்?

இரண்டாவது உங்களுக்கு நேரடியாகப் பொருந்துவது. அதே காடனும் பேட்லியும் 1980இல் சோதனையைக் கொஞ்சம் மாற்றினார்கள். சொற்களைத் தாங்களே நினைத்து எழுதச் சொல்லாமல், பட்டியலைக் காட்டி "இதில் எது முன்பு கேட்டது" என்று அடையாளம் காட்டச் சொன்னார்கள். இடம் மாறியதால் எந்தப் பாதிப்பும் இல்லை. எந்த குரூப் என்று நீங்கள் சொல்லவில்லை. ஆனால் நாலு ஆண்டுகள் கண்ணெதிரே இருந்தன என்பதால் 200 கேள்விகளுக்கு வட்டத்தைக் கறுப்பாக்குகிற தேர்வாகத்தான் இருக்க வேண்டும். விடை தாளிலேயே இருக்கிறது, அதைவிடப் பெரிய குறிப்பு வேறென்ன வேண்டும்? அதன் முன்னால் சுவரின் நிறமும் மின்விசிறிச் சத்தமும் நிற்காது. விரித்து எழுதுகிற முதன்மைத் தேர்வு என்றால் இடம் கொஞ்சம் பேசும், அப்போதும் கொஞ்சம்தான். மையத்துக்கு முன்னாடியே ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வருவதில் தப்பில்லை. எந்த பஸ், எந்த வாசல் என்று தெரிந்தால் அன்றைக்குப் பதற்றம் குறையும். அங்கே உட்கார்ந்து படித்தால் விடைகள் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்து மட்டும் போகாதீர்கள்.

சரி, அப்படியானால் 1906 எங்கே ஒளிந்துகொண்டது? என் கணிப்பு இது, கணிப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டுக்கு அக்கம்பக்கத்தில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று பாருங்கள். 1905 வங்கப் பிரிவினை. 1908 தூத்துக்குடி கோரல் ஆலை வேலைநிறுத்தம். 1911 மணியாச்சியில் ஆஷ் சுடப்பட்டது. எல்லாம் ஒரே பாடம், ஒரே ஊர்ப்பக்கம், ஒரே ஆட்கள். இப்படி ஒன்றுக்கொன்று நெருங்கிய விஷயங்கள் ஒரே கேள்விக்குப் போட்டி போடும்போது, தப்பான ஒன்று முன்னால் வந்து நின்றுகொண்டு சரியானதை மறைக்கும். அதையே வலுக்கட்டாயமாக நினைக்க நினைக்க மறைப்பு இன்னும் கெட்டியாகும். விட்டுவிட்டு வெளியே வந்தால் அந்தத் தப்பான விடை மெல்ல ஓய்ந்துபோகும், சரியானது மேலே வரும். டீக்கும் வண்ணார்பேட்டைக்கும் இதில் பெரிய பெருமை இல்லை. முயற்சியை நிறுத்தினீர்கள், கூடவே பயமும் இறங்கியது.

பயத்தின் பங்கைப் பற்றி நான் கொஞ்சம் உறுதியாகவே பேசுவேன், ஏனென்றால் இங்கே ஆதாரம் இடத்தைவிடப் பலமானது. 1998இல் டி கெர்வேன் குழுவினர் எலிகளுக்குத் தண்ணீர்த் தொட்டியில் ஒளிந்திருக்கும் மேடையைக் கண்டுபிடிக்கப் பழக்கினார்கள். மறுநாள் சோதனைக்கு முன் லேசான மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். அதிர்ச்சிக்கு இரண்டு நிமிடம் கழித்துச் சோதித்தால் எலி சரியாகப் போனது. நான்கு மணி நேரம் கழித்தும் சரியாகப் போனது. அரை மணி நேரம் கழித்துச் சோதித்தபோதுதான் திணறியது. அதிர்ச்சியால் சுரக்கும் ஹார்மோன் உச்சத்துக்கு வருகிற நேரம் அதுதான். அந்தச் சுரப்பைத் தடுத்துவிட்டால் திணறலும் இல்லை. 2000இல் மனிதர்களுக்கு அதே வகை ஹார்மோனை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள்: முந்தைய நாள் படித்த சொற்களை, சோதனைக்கு ஒரு மணி நேரம் முன் மாத்திரை போட்டவர்கள் குறைவாகவே நினைவுகூர்ந்தார்கள். படிப்பதற்கு முன்போ படித்த உடனேயோ போட்டவர்களுக்கு அந்தக் குறை இல்லை. பதற்றம் பதிந்ததை அழிப்பதில்லை, எடுக்கிற கையைத்தான் தடுக்கிறது. சொல்லப்போனால் பதற்றமான நேரத்தில் நடப்பது அழுத்தமாகவே பதியும். உங்களுக்கு அந்தத் தேர்வறையில் கண்காணிப்பாளர் கட்டியிருந்த புடவையின் நிறம் இன்றைக்கும் ஞாபகம் இருக்கும், விடை மட்டும்தான் வந்திருக்காது. இதை என்னிடம் வந்த பிள்ளைகள் பலரும் சொல்லி ஆச்சரியப்பட்டிருக்கிறார்கள். இரண்டிலும் அந்த ஹார்மோனுக்குப் பங்கு உண்டு.

இதிலிருந்து கிடைக்கிற முதல் புத்திமதி சாதாரணமானது. பஸ்ஸைத் தவறவிட்டு, வாசலில் ஹால் டிக்கெட்டைத் தேடி, வியர்த்து விறுவிறுத்து உள்ளே போனால், அந்த அலை உச்சிக்கு வருகிற நேரமும் நீங்கள் கேள்வித்தாளைத் திறக்கிற நேரமும் ஒன்றாகிவிடும். முன்கூட்டியே போய் ஒரு மரத்தடியில் சும்மா உட்காருங்கள். பக்கத்தில் நின்று "இது படிச்சியா, அது படிச்சியா" என்று கேட்கிறவர்களிடமிருந்து கொஞ்சம் தள்ளியே இருங்கள்.

இரண்டாவதுதான் இந்தப் பதிலிலேயே உங்களுக்கு அதிகம் பயன்படக்கூடியது. "மச்சில் எல்லாம் ஒப்பிக்க வருகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படி ஒப்பிக்கிறீர்கள்? புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வரி பார்த்து அடுத்த வரி சொல்லியா? முதல் வரியிலிருந்து கடகடவென்று கடைசி வரை ஓடுகிறீர்களா? அப்படியென்றால் உங்களிடம் இருக்கிற படித்துறை அந்த முந்தைய வரி ஒன்றுதான். நம் பக்கத்தில் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு படிக்கிற ஒருவரிடம், வில்லும் குடமும் இல்லாமல் கதையின் நடுவிலிருந்து ஒரு கட்டத்தைச் சும்மா வாயால் சொல்லுங்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். விடிய விடியப் பாடுகிற மனுஷன், இரண்டு தடவை தொடங்கி நிறுத்திவிட்டு, "அண்ணாச்சி, தட்டு விழுந்தாத்தான் வார்த்தை வரும்" என்றார். அவருக்கு அது குறையே இல்லை, ஏனென்றால் எந்தக் கொடையிலும் அவரிடம் வில் இல்லாமல் யாரும் கேட்கப்போவதில்லை. தேர்வாணையம் உங்களிடம் நடுவிலிருந்துதான் கேட்கும்.

அதனால் புத்தகத்தை மூடிவிட்டு உங்களை நீங்களே கேளுங்கள். 2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கியும் மாணவர்களை இரண்டு பாடப்பகுதிகளைப் படிக்கச் செய்தார்கள். ஒன்றை இரண்டாம் தடவையும் படித்தார்கள். மற்றதை மூடிவைத்து நினைவுக்கு வந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால், திரும்பப் படித்ததே மேல்: 81 சதவீதம், எழுதிப் பார்த்தது 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: திரும்பப் படித்தது 42, எழுதிப் பார்த்தது 56. மச்சிலிருந்து இறங்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பது எங்கிருந்து வருகிறது என்று இந்த 81ஐப் பார்த்தால் புரியும். இந்த முடிவு எத்தனையோ இடங்களில் எத்தனையோ பாடங்களில் திரும்பத் திரும்பக் கிடைத்த ஒன்று. நான் இதைச் சொல்லத் தயங்குவதே இல்லை. 2016இல் ஏமி ஸ்மித் குழுவினர் ஒரு படி மேலே போய், இப்படித் தன்னைத் தானே சோதித்துப் படித்தவர்களைப் பதற்றத்துக்கு உள்ளாக்கினார்கள், ஆட்கள் முன் பேசவைத்து, கணக்குப் போடவைத்து. அவர்கள் நினைவு குலையவில்லை; வெறுமனே திரும்பப் படித்தவர்களுடையது குலைந்தது. இது ஓர் ஆய்வு, அதை வேதவாக்கு ஆக்கமாட்டேன். ஆனால் பதற்றத்துக்கு இது மருந்தாக இல்லாமல் போனாலும் படிப்புக்கு மருந்து என்பது உறுதி என்பதால், செய்வதில் நஷ்டம் இல்லை. அந்த நெருங்கிய ஆண்டுகளைத் தனித்தனியாகப் படிக்காமல், ஒன்றோடொன்று கலைத்துப் போட்டுக் கேளுங்கள். கம்பெனி எப்போது, வேலைநிறுத்தம் எப்போது, அதற்கு முந்தியது எது, பிந்தியது எது. கம்பெனி தொடங்கியதால் என்ன வந்தது, அதிலிருந்து வேலைநிறுத்தம் வரை என்ன நடந்தது என்று காரணத்தோடு கோத்துவிட்டால் ஆண்டுகள் இடம் மாறி உட்காராது.

இடத்தைப் பற்றி ஒரே ஒரு யோசனை எனக்குப் பிடித்தது உண்டு, அது யூடியூப் யோசனைக்கு நேர் எதிரானது. 1978இல் ஸ்மித், கிளென்பெர்க், பியார்க் மூவரும் 40 சொற்களை இரண்டு முறை படிக்கச் சொன்னார்கள். ஒரு பகுதியினர் இரண்டு முறையும் ஒரே அறையில், மற்றவர்கள் வேறு வேறு அறையில். பிறகு இருவருக்கும் புதிதான மூன்றாவது அறையில் சோதனை. ஒரே அறைக்காரர்களுக்கு 16 போல, அறை மாறியவர்களுக்கு 24 போல வந்தது. அவ்வளவு பெரிய வித்தியாசம் எப்போதும் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் தர்க்கம் சரியாகப்படுகிறது: பல இடத்தில் படித்தது எந்த ஓர் இடத்துக்கும் அடிமையாகாது. மச்சு, புறவாசல், ஊர் நூலகம், வாய்ப்பிருந்தால் திருநெல்வேலிக்கு வருகிற செங்கோட்டை ரயில். அமைதியாகத்தான் படிப்பேன் என்று பிடிவாதம் வேண்டாம். ஆனால் சத்தத்திலேயே படித்துப் பழகினால் தேர்வறையின் அமைதி உங்களுக்குப் புதிதாகிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தேர்வறையில் அடைத்துக்கொண்டால், கண்ணை மூடி மச்சை மனதில் வரைந்து பாருங்கள்: ஜன்னல் எந்தப் பக்கம், புத்தகம் எங்கே, அந்த ஆண்டு பக்கத்தின் மேலா கீழா. 1979இல் ஸ்மித் இதையும் சோதித்தார். பழைய அறையை மனதில் கொண்டுவந்தவர்கள், அந்த அறையிலேயே உட்கார்ந்தவர்கள் அளவுக்குக் கிட்டத்தட்ட எழுதினார்கள். அரை நிமிடம் பாருங்கள். வரவில்லை என்றால் கேள்வி எண்ணைக் குறித்துவிட்டு நகருங்கள், டீக்கடையில் நடந்தது உள்ளேயே நடக்க நேரம் கொடுங்கள்.

மனநிலையைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்வார்கள். அதில் பதரும் உண்டு, மணியும் உண்டு. மணி இது: துக்கமாக இருக்கும்போது துக்கமான நினைவுகளே வரிசையாக வரும். தேர்வு சொதப்பிய அன்று இரவு, பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்தது முதல் பெண் பார்க்க வந்தவர்கள் ஏதோ சொல்லிவிட்டுப் போனது வரை எல்லாம் வந்து நிற்கும். அதைப் பார்த்து "நான் எப்போதுமே இப்படித்தான்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அது உங்கள் வாழ்க்கையின் கணக்கு அல்ல, அன்றைய மனநிலை பொறுக்கி எடுத்த பட்டியல். அன்றைக்கு "எனக்கு ஞாபகசக்தி குறைவா" என்ற கேள்வியைக் கேட்கவே கேட்காதீர்கள். பதர் எதுவென்றால், எந்த மனநிலையில் படித்தாயோ அதே மனநிலையில்தான் எழுத வரும் என்பது. கோர்டன் பவர் 1981வாக்கில் இதற்கு ஆதாரம் காட்டினார், பெரிதாகப் பேசப்பட்டது. பிறகு அவரே திரும்பச் செய்து பார்த்தபோது கிடைக்கவில்லை. மிக அழுத்தமான மனநிலையில், எந்தக் குறிப்பும் இல்லாமல் தானாக நினைக்க வேண்டிய விஷயங்களில் கொஞ்சம் தெரியலாம், அவ்வளவுதான். குடியில் இது தெளிவாகவே தெரியும். 1969இல் 48 மருத்துவ மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், போதையில் கற்றது சில வேலைகளில் போதையிலேயே நன்றாக நினைவுக்கு வந்தது. பையன்கள் சிலர் இதை எங்கோ படித்துவிட்டு என்னிடம் கண்ணடித்திருக்கிறார்கள். போதையில் கற்பதே அரைகுறைதான் என்ற பாதி அவர்கள் காதில் விழுவதில்லை. தேர்வுக்கு முன் பத்து நிமிடம் உங்கள் பயத்தைத் தாளில் எழுதிக் கொட்டினால் மார்க் ஏறும் என்று 2011இல் ஓர் ஆய்வு வந்தது. 2018இல் பெரிய அளவில் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் தென்படவில்லை. மனசுக்கு இதமாக இருந்தால் எழுதுங்கள், மார்க்குக்காக வேண்டாம். படிக்கும்போது பூசிய சென்ட்டையே தேர்வுக்கும் பூசுவது, அதே மிட்டாயை மெல்வது எல்லாம் உங்கள் இஷ்டம்.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சொற்பட்டியலை வைத்து, மேல்நாட்டுக் கல்லூரி மாணவர்களிடம், சில நாள் இடைவெளியில் செய்தவை என்பதையும் சொல்ல வேண்டும். ஓராண்டு படித்துவிட்டு வாழ்க்கையே இதில் இருக்கிறது என்று உட்காருகிற ஒருவருக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. திசை சரி, அளவு மாறலாம்.

இனி ஆச்சி. பழைய வீட்டில் அவருக்கு நடந்ததில் அதிசயம் எதுவும் இல்லை, ஆனால் அழகு உண்டு. தார்சாவின் உயரம், அடுக்களைச் சுவரில் படிந்த புகை, அங்கணத்தின் ஈர வாடை, இத்தனையும் சேர்ந்து ஒரே நேரத்தில் குறிப்பு கொடுத்தால் வெளியே வராமல் எப்படி இருக்கும்? வகுப்பறைக்கும் மச்சுக்கும் உள்ள சின்ன வித்தியாசம் இல்லை இது. அரை வாழ்க்கை வாழ்ந்த இடம். வாசனைக்குத் தனி வழி இருக்கிறது: மற்ற புலன்களைப் போல மூளையின் நடு நிலையத்தில் நின்று போகாமல், உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்குக் கிட்டத்தட்ட நேராகவே போகிறது. வயதானவர்களிடம் ஒரு சொல்லைச் சொன்னால் இளவயது நினைவுகள் அதிகம் வரும். ஒரு வாசனையைக் காட்டினால் பத்து வயதுக்கு முந்தியவை அதிகம் வரும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படி வருவது உருக்கமாகவும் இருக்கும், அங்கேயே போய்விட்ட மாதிரியும் இருக்கும். அதற்காக அது துல்லியமானது என்று ஆகிவிடாது.

உங்கள் வீட்டு வெள்ளச் சண்டை இங்கேதான் வருகிறது. 1992 நவம்பரில் தாமிரபரணி கரை தாண்டியது உண்மை. 2023 டிசம்பர் 17, 18இல் கொட்டியதும் உண்மை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவான மழை அது. ஆச்சி சேரன்மகாதேவியை விட்டு வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, 2023 வெள்ளத்தைப் போனில்தான் பார்த்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்பா மறுநாள் அங்கே போய்ப் படம் எடுத்து வந்தவர். ஆக ஆச்சி நிஜமாகவே 92இல் படியில் நின்று பார்த்திருக்கலாம்; போனில் பார்த்த படியைப் பழைய வெள்ளத்தில் கொண்டுபோய் வைத்திருக்கலாம்; அப்பாவும் தான் பார்த்ததையே எல்லாவற்றுக்கும் அளவாக எடுத்துக்கொண்டிருக்கலாம். ஒன்றை எங்கே பார்த்தோம் என்பது, பார்த்ததைவிட முதலில் நழுவிவிடும். 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், அந்தச் செய்தி தங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று உளவியலாளர் நைசர் தன் மாணவர்களை எழுதச் சொல்லி வாங்கிவைத்தார். இரண்டரை ஆண்டு கழித்து மறுபடி கேட்டபோது பலர் முற்றிலும் வேறு கதையைச் சொன்னார்கள், அதுவும் மிக உறுதியாக. சிலர் தாங்கள் எழுதிய தாளைக் காட்டிய பிறகும் இப்போதைய நினைவையே நம்பினார்கள். அவர்கள் இளவட்டங்கள், ஆச்சிகள் அல்ல. எனவே ஆச்சி தப்பாகவே சொல்லியிருந்தாலும் அதை முதுமைக்கு அடையாளம் என்று எடுக்காதீர்கள். யார் சரி என்பதை அவர்கள் இருவரின் உறுதியை வைத்துத் தீர்க்கவும் முடியாது. அந்த வளவில் 92இல் இருந்தவர்கள் வேறு யாராவது, அல்லது வெள்ளையடிக்காத சுவரில் நீர்க்கோடு, இப்படி ஏதாவது வேண்டும். அவரிடம் கேட்கும்போது "தொண்ணூத்திரெண்டுலதான ஆச்சி?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் வரும். "அன்னைக்குக் காலையில என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க, வீட்ல யாரெல்லாம் இருந்தாங்க" என்று அந்த நாளுக்குள் கூட்டிப்போய் விட்டுவிட்டுச் சும்மா கேளுங்கள். சாட்சிகளை விசாரிக்க ஃபிஷரும் கைசல்மனும் உருவாக்கிய முறையின் முதல் படியும் இதுதான். உங்கள் சொல் எதையும் உள்ளே போடாமல் இருப்பதுதான் கஷ்டம்.

அவர் பழைய பெயர்களைச் சொன்னதை வைத்து "ஆச்சிக்கு ஒன்றும் இல்லை" என்று நிம்மதி அடையவும் வேண்டாம். பழையது தங்குவதும் புதியது தங்காமல் போவதும் சாதாரண முதுமையிலும் உண்டு, மறதி நோயின் தொடக்கத்திலும் உண்டு. வித்தியாசம் பெரும்பாலும் குறிப்பில் தெரியும். "காலையில மாவு அரைச்சுச் சுட்டோமே" என்று எடுத்துக்கொடுத்தால் "ஆமா, தோசை" என்று வந்தால் அது பெரும்பாலும் சாதாரண முதுமையின் பக்கம். எடுத்துக்கொடுத்த பிறகும் அப்படி ஒன்று நடந்ததாகவே தெரியவில்லை என்றால் கவனிக்க வேண்டிய பக்கம். அரை மணி நேரத்தில் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய தெருவில் வழி தவறுவது, பணத்தில் குழம்புவது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். பி12 சத்துக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, காது மந்தம், தூக்க மாத்திரை என்று சரிசெய்யக்கூடிய காரணங்களும் பல இருக்கின்றன. எதுவென்று சொல்வது மருத்துவர் வேலை. உங்களுக்கு வருமா என்ற கேள்விக்கும் அங்கேதான் தெளிவு கிடைக்கும். உங்களுக்குத் தேர்வறையில் நடந்ததும் ஆச்சிக்கு நடப்பதும் ஒரே சரக்கு அல்ல என்பதை மட்டும் நானே சொல்லிவிடலாம்: தேடிக் கிடைக்காமல் பிறகு தானாக வந்தது, இருக்கிற நினைவு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் நரம்பியலும் உண்டு, மனநலப் பிரிவும் உண்டு. காலை நேரத்தில், ஆச்சி தூங்கி எழுந்து தெளிவாக இருக்கும்போது கூட்டிப் போங்கள். கண்ணாடியும், போட்டால் காதுக் கருவியும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சாப்பிடுகிற மாத்திரைகளை அட்டையோடு கொண்டுபோங்கள். மறதி எப்போது தொடங்கியது என்று உங்களுக்கும் அப்பாவுக்கும் தோன்றுவதை, ஒருவரை ஒருவர் கேட்காமல் தனித்தனித் தாளில் எழுதிக் கொண்டுபோய் மருத்துவரிடம் கொடுங்கள்.